லூமுட்டில் ஒரு கடல் மீன்தொட்டி: தொடங்குபவருக்கு முழுமையான வழிகாட்டி

லூமுட்டில் குடியிருப்பவருக்குக் கடல் மீன் வளர்க்கும் ஆசை வருவது இயல்பு. பங்கோர் தீவுக்குப் போகும் படகுத்துறை பக்கத்தில் இருக்கிறது, தெலுக் பாத்திக் கடற்கரை சில நிமிடத் தூரம், பங்கோருக்குத் தெற்கே செம்பிலான் தீவுகளின் பவளப்பாறைகள். தண்ணீரும் இலவசம், மீனும் இலவசம் என்று தோன்றும். அந்த எண்ணத்தோடு தொடங்கும் தொட்டிகள் பெரும்பாலும் நிலைப்பதில்லை. மீன்களைக் கொல்வது பல நேரங்களில் நோய்தான். அந்த நோயும் பெரும்பாலும் புதிதாக வாங்கி, நேரே தொட்டியில் விட்ட ஒரு மீனோடு வருவதுதான். அதனால் இந்த வழிகாட்டியில் அழகுபடுத்தும் சங்கதிகள் குறைவு. தண்ணீரும் நோயும்தான் அதிகம்.

படி 1: ஒரு தொட்டி போதாது, இரண்டு வாங்குங்கள்

பெரிய தொட்டி 90 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரம் இருக்கட்டும். ஏறக்குறைய 180 லிட்டர் பிடிக்கும். இதைவிடச் சிறியதில் உப்பளவும் வெப்பமும் வேகமாக மாறும். புதியவர் அதைச் சமாளிப்பது கடினம். தண்ணீர், கண்ணாடி, பாறை எல்லாம் சேர்ந்து 220 கிலோவைத் தாண்டும். ஆகவே பழைய மேசையில் வைக்காதீர்கள். தொட்டிக்கென்றே செய்த தாங்கியைச் சமதளத் தரையில், வெயில் நேரே விழாத சுவரோரம் நிறுத்துங்கள்.

இரண்டாவது தொட்டி 40 முதல் 60 லிட்டர். மணலும் பாறையும் வேண்டாம். மீன் ஒளிந்துகொள்ள நாலு துண்டு பிவிசி குழாய், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒரு காற்றுப் பம்ப், ஒரு மூடி. புதிய மீனை முதல் சில வாரம் தனியே வைத்துப் பார்க்கும் தனிமைத் தொட்டி இதுதான். காசு போதவில்லை என்றால் விலையுயர்ந்த விளக்கைத் தள்ளிப்போடுங்கள், இதைத் தள்ளிப்போடாதீர்கள். மீன் மட்டும் வளர்ப்பவருக்குச் சாதாரண எல்இடி விளக்கே போதும்.

பெரிய தொட்டிக்குக் கழிவை நுரையாக்கி அகற்றும் புரோட்டீன் ஸ்கிம்மர் ஒன்று, தண்ணீரைச் சுழற்றும் பம்ப் இரண்டு, உப்பளவு பார்க்க ரெஃப்ராக்டோமீட்டர் ஒன்று. அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பிஎச், செம்பு ஆகியவற்றுக்குச் சோதனைக் கிட் வாங்கிக்கொள்ளுங்கள். மின்கம்பிகள் பிளக்குக்குக் கீழே சற்றுத் தொங்கி மேலேறட்டும். அப்போது கம்பி வழியே சொட்டும் உப்புத் தண்ணீர் பிளக்குக்குள் போகாது. வீட்டு மின்பலகையில், மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி வேலை செய்கிறதா என்று அதன் பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

படி 2: தண்ணீர், அதாவது எந்தக் கடல்?

லூமுட் இருப்பது மஞ்சோங் ஆற்றின் முகத்துவாரத்தில். படகுத்துறையில் மொண்ட தண்ணீர் முழுக் கடல் நீர் அல்ல. ஆற்று நீர் கலந்து உப்பு குறைந்திருக்கும், மழை பெய்தால் இன்னும் குறையும், வண்டல் மிதக்கும். கப்பலும் படகும் வந்துபோகும் துறைமுகம் இது, கடற்படைத் தளமும் இங்கேதான். கொட்டலசு ஒட்டாமலிருக்கக் கப்பலின் அடியில் அடிக்கும் பூச்சில் செம்பு சேர்ப்பது வழக்கம். செம்பு இறாலையும் பவளத்தையும் கொல்லும். எனவே படகுத்துறைத் தண்ணீர் வேண்டாம்.

புதியவருக்கு என் பரிந்துரை செயற்கை உப்புத்தூள். லிட்டருக்கு ஏறக்குறைய 36 முதல் 38 கிராம் போட்டு, பம்ப் வைத்து ஓர் இரவு கலக்கினால் உப்பளவு ஆயிரத்துக்கு 35 வரும், ஒப்படர்த்தி 1.025 அல்லது 1.026. ஆர்ஓ வடிகட்டித் தண்ணீரில் கலப்பது நல்லது. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். வேறு வழியில்லை என்றால் குளோரின் நீக்கி ஊற்றிய பிறகே உப்பைக் கலக்குங்கள்.

இயற்கைக் கடல் நீர்தான் வேண்டும் என்பவர்கள் தீவுப் பக்கம் போகும் படகுக்காரரிடம் கரையிலிருந்து விலகிய தெளிந்த நீர் கேளுங்கள். மழை விட்டுச் சில நாள் கழிந்த பிறகு, உயர் ஓதத்தில் எடுத்தது நல்லது. அதை மெல்லிய வடிபையில் வடித்து, மீன் குஞ்சுப் பண்ணைகள் செய்வதுபோலக் குளோரினால் சுத்திகரியுங்கள். வாசனை சேர்க்காத 5 சதவீத பிளீச் 100 லிட்டருக்கு 20 மி.லி. ஊற்றி ஒரு நாள் வைத்திருந்து, சோடியம் தயோசல்ஃபேட்டால் முறியுங்கள். குளோரின் இல்லை என்று கிட் காட்டிய பிறகே தொட்டிக்குள் ஊற்ற வேண்டும். உப்பளவு குறைவாக இருந்தால் உப்புத்தூள் சேர்த்துச் சரிசெய்யலாம்.

நம் வட்டாரத்துக்கும் இந்தக் கலையில் பங்குண்டு. இந்தோனேசியாவின் லீ சின் எங், உயிருள்ள பாறையும் கடல் நீரும் காற்றுக் குமிழியும் மட்டும் வைத்து மீன் வளர்த்த தம் முறையை 1961இல் எழுதினார். பாறையின் நுண்துளைகளில் வாழும் பாக்டீரியாவே தண்ணீரைச் சுத்தம் செய்யும் என்ற இன்றைய பழக்கத்துக்கு அது ஒரு முன்னோடி.

அதற்காகப் பங்கோர்ப் பக்கம் போய்ப் பாறையும் பவளமும் பெயர்த்து வராதீர்கள். கடற்பூங்கா எல்லைக்குள் பவளம் எடுப்பது 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி குற்றம். எல்லைக்கு வெளியே இருந்தாலும், நாம் பெயர்க்கும் ஒரு துண்டு வளர்ந்து வரப் பல ஆண்டு பிடிக்கும். கடையில் காய்ந்த பாறை கிடைக்கிறது. அதில் உயிர் வரச் சில வாரம் கூடுதலாகும், ஆனால் ஒட்டுண்ணி எதுவும் கூட வராது.

படி 3: மீன் இல்லாத முதல் மாதம்

பாறையையும் மணலையும் அடுக்கி, தண்ணீர் நிரப்பி, பம்பை ஓடவிடுங்கள். மீன் வேண்டாம். அம்மோனியம் குளோரைடு கரைசலால் அம்மோனியாவை லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு ஏற்றுங்கள். கடையில் விற்கும் பாக்டீரியா புட்டி ஒன்றையும் சேர்க்கலாம். ஒரு வகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும், இன்னொன்று அதை நைட்ரேட்டாக்கும். ஊற்றிய அம்மோனியா 24 மணி நேரத்தில் பூச்சியத்துக்கு வந்து, நைட்ரைட்டும் பூச்சியமானால் தொட்டி தயார். வழக்கமாக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். தனிமைத் தொட்டிக்கான ஸ்பாஞ்சையும் இதே காலத்தில் பெரிய தொட்டிக்குள் போட்டு வையுங்கள். அதிலும் பாக்டீரியா குடியேறிவிடும்.

படி 4: நம் ஊர் வெயிலும் இடியும்

ஐரோப்பியர் எழுதிய வழிகாட்டிகள் ஹீட்டர் வாங்கச் சொல்லும். நமக்குப் பிரச்சினை நேர்மாறானது. மதியத்தில் வீட்டுக்குள்ளேயே 31, 32 டிகிரி ஏறும். தொட்டிக்கு வேண்டியது 26 அல்லது 27. சூடு ஏற ஏறத் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், மீனுக்குத் தேவையான ஆக்சிஜனோ கூடும். தண்ணீர்ப் பரப்பின்மேல் ஒரு சிறு காற்றாடி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். அது போதாத வீட்டுக்குத் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர்தான் வழி. காற்றாடி ஓடினால் தண்ணீர் வேகமாக ஆவியாகும். ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு தங்கிவிடும். ஆகவே தினமும் குறையும் அளவுக்கு நன்னீரை மட்டும் ஊற்றுங்கள்.

மாலை இடிமழையில் மின்சாரம் போவது பேராக்கில் புதிதல்ல. மின்சாரம் நின்றதும் தானே ஓடத் தொடங்கும் பேட்டரி காற்றுப் பம்ப் ஒன்று கட்டாயம் வேண்டும். சூடான தண்ணீரில் மீன் தாக்குப்பிடிக்கும் நேரம் குறைவு.

படி 5: எந்த மீன்?

பண்ணையில் பிறந்த கோமாளி மீன் ஒரு ஜோடி. இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. சிறிய இடத்தில் வாழும், எதையும் தின்னும், சற்றுச் சூட்டையும் தாங்கும். மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் உள்ள இந்திய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன நிலையங்கள் இதைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்க்கும் முறையை வெற்றிகரமாக உருவாக்கியிருக்கின்றன. நாலு மாதம் கழித்து, பண்ணையில் பிறந்த பாங்காய் கார்டினல் ஒன்றைச் சேர்க்கலாம். சுலவேசி அருகே ஒரு சிறு தீவுக்கூட்டத்துக்கே உரிய மீன் அது. வணிகத்துக்காகப் பிடித்துப் பிடித்து அருகிவிட்டது. அதனால் கடலில் பிடித்ததை வாங்காதீர்கள்.

நீல டாங், அதாவது பிள்ளைகள் ‘டோரி’ என்று கேட்கும் மீன், 30 செ.மீ. வரை வளரும், வெண்புள்ளி நோயும் அதற்கு எளிதில் பிடிக்கும். வண்ணத்துப்பூச்சி மீன்கள் பல தொட்டியில் இரை எடுக்காமலே மெலிந்து சாகும். இவற்றைத் தவிருங்கள்.

கடையில் மீனைக் கண்டதும் வாங்காதீர்கள். உங்கள் கண்முன் இரை போடச் சொல்லுங்கள். தின்னாத மீனையும், மூச்சு வேகமாக வாங்கும் மீனையும், செத்த மீன் கிடக்கும் தொட்டியில் இருக்கும் எந்த மீனையும் வாங்க வேண்டாம்.

படி 6: தனிமை, நாலு முதல் ஆறு வாரம்

ஈப்போவிலிருந்து மீன் பையில் வந்து சேர ஒன்றரை மணி நேரமாவது ஆகும். மூடிய பைக்குள் மீனின் மூச்சால் கரியமில வாயு கூடி, பிஎச் இறங்கியிருக்கும். அந்த நிலையில் பையிலுள்ள அம்மோனியா அவ்வளவு நஞ்சல்ல. பையைத் திறந்ததும் வாயு வெளியேறி பிஎச் ஏற, அம்மோனியா நஞ்சாக மாறும். ஆகவே பையைத் திறந்து வைத்து ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கலப்பது நெடுந்தூரம் வந்த மீனுக்குக் கெடுதல். கடையின் உப்பளவைக் கேட்டு, தனிமைத் தொட்டியை முன்கூட்டியே அதே அளவுக்கு வைத்துவிடுங்கள். பையை மூடியபடி 15 நிமிடம் மிதக்கவிட்டு, திறந்து, மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது. பிறகு சில நாள்களில் மெல்ல உப்பளவை ஏற்றுங்கள்.

இந்தத் தொட்டிக்குத் தனி வலை, தனி வாளி, தனிக் குழாய். ஈரக் கை மூலமாகவே ஒட்டுண்ணி கடந்துவிடும்.

படி 7: நோயை அடையாளம் காண்பது

வெண்புள்ளி நோய்: உடலிலும் துடுப்பிலும் உப்புத் தூவினாற்போல் புள்ளிகள். காரணம் கிரிப்டோகேரியான் இரிட்டான்ஸ் என்ற ஒரு செல் உயிரி. மூன்று முதல் ஏழு நாள் மீனின் தோலில் தின்று, விழுந்து, மணலிலும் கண்ணாடியிலும் ஓடு கட்டிக்கொள்ளும். அதற்குள் பெருகி, வெடித்து மறுபடி மீனைத் தேடும். விழுந்ததும் புள்ளி மறையும். நோய் தீர்ந்தது என்று மகிழ்கிறவர்கள் ஏமாறும் இடம் அதுதான். அடுத்த அலை பல மடங்காக வரும். நன்னீர் மீனின் வெண்புள்ளி வேறு உயிரி. அதற்கான மருந்தை இதற்கு ஊற்றாதீர்கள்.

மருந்தில்லாத வழி, தொட்டி மாற்றம். இரண்டு சிறு தொட்டி அல்லது பெரிய வாளி போதும். 72 மணி நேரத்துக்கு ஒருமுறை மீனைப் புதிய உப்புத் தண்ணீருக்கு மாற்றி, பழையதைக் கழுவி வெயிலில் நன்றாகக் காயவையுங்கள். நாலு மாற்றம், 12 நாள். விழுந்த ஒட்டுண்ணி பெருகி வருவதற்குள் மீன் அங்கிருந்து போய்விடும். நம் வெயிலுக்கு இதுவே எளிது, சிக்கனமும் கூட. மருந்து வழி வேண்டுமானால் செம்பு: செம்பு அயனி லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மி.கி. இரண்டு நாளில் படிப்படியாக ஏற்றி, தினமும் அளந்து, 30 நாள் அதே அளவில் வைத்திருக்க வேண்டும். கீலேட் வகைச் செம்புக்கு அளவு வேறு. புட்டியில் உள்ளபடி செய்யுங்கள், அதற்கேற்ற கிட்டை வாங்குங்கள். செம்பைப் பெரிய தொட்டியில் ஒருபோதும் ஊற்றாதீர்கள். பாறை அதை உறிஞ்சிக்கொள்ளும், இறாலும் நத்தையும் சாகும்.

பெரிய தொட்டிக்குள் நோய் வந்துவிட்டால் எல்லா மீனையும் வெளியே எடுத்து, தொட்டியை 76 நாள் மீனில்லாமல் விட வேண்டும். ஓட்டுக்குள் இருந்த உயிரி 72ஆம் நாளில்கூட வெளிவந்தது ஆய்வில் பதிவாகியிருக்கிறது. பூண்டு இதைத் தீர்க்காது, சுத்தம் செய்யும் இறாலும் தீர்க்காது, புற ஊதா விளக்கு குறைக்கலாம், ஒழிக்காது.

வெல்வெட் நோய்: அமைலூடினியம் என்ற உயிரி. புள்ளியைவிட நுண்ணிய, பொன்தூள் போன்ற படலம். அதைக் கண்ணில் காண்பதற்கு முன்பே மீன் வெளிச்சத்துக்கு ஒதுங்கும், பம்பின் ஓட்டத்துக்கு எதிரே போய் நிற்கும், மூச்சு இரைக்கும். இரண்டு மூன்று நாளில் தொட்டியே காலியாகலாம். காத்திருக்க நேரமில்லை, உடனே தனிமைத் தொட்டியில் செம்பு. தொட்டி மாற்றத்தை மட்டும் இதற்கு நம்பாதீர்கள்.

புரூக்ளினெல்லா: கோமாளி மீனைக் குறிவைப்பது. தோலில் வெள்ளைச் சளி உரிந்து தொங்கும். இதற்குச் செம்பு உதவாது. 37 சதவீத ஃபார்மலின் 10 லிட்டருக்கு 1.5 மி.லி. கலந்த தனி வாளியில், காற்றுக் குமிழி பலமாக விட்டு, 30 நிமிடம் கண்ணெடுக்காமல் பார்த்துக் குளிப்பாட்ட வேண்டும். மீன் சாய்ந்தால் உடனே எடுத்துவிடுங்கள். ஃபார்மலின் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. கையுறை போட்டு, வீட்டுக்கு வெளியே செய்யுங்கள். அடியில் வெள்ளைப் படிவு கண்ட புட்டியைப் பயன்படுத்தாதீர்கள்.

தட்டைப் புழு: மீன் உடம்பைத் தேய்க்கும், கண் மங்கும். கூண்டில் கெராப்பு, சியாகாப் வளர்ப்பவர்களுக்கு நன்கு தெரிந்த எதிரி. அவர்கள் கையாளும் நன்னீர்க் குளியல் நமக்கும் பொருந்தும். குளோரின் நீக்கிய, அதே வெப்பமும் பிஎச்சும் உள்ள நன்னீரில் ஐந்து நிமிடம். கண்ணாடி போலிருந்த புழு வெளுத்து உதிர்வதைக் காணலாம். பிறகு பிராசிகுவாண்டல் லிட்டருக்கு 2 மி.கி.; முட்டையை அது கொல்லாது என்பதால் ஐந்து முதல் ஏழு நாளில் மறுமுறை.

துடுப்பில் பூக்கோசு போன்ற கட்டி மட்டும் இருந்தால் அது லிம்போசிஸ்டிஸ் என்ற வைரஸ். மருந்து வேண்டாம், நல்ல தண்ணீரும் இரையும் போதும். துடுப்பு அழுகல், சிவந்த புண் போன்ற பாக்டீரியா நோய்க்கு ஆன்டிபயாட்டிக்கைக் கைபோன போக்கில் போடாதீர்கள். கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். பினாங்கு பத்து மாவுங்கில் மீன்வளத் துறையின் தேசிய மீன் நல ஆராய்ச்சிப் பிரிவு இயங்குகிறது.

படி 8: உங்கள் கையும் ஊர்க் கடலும்

கையில் வெட்டோ சிராய்ப்போ இருந்தால் கையுறை இல்லாமல் தொட்டியில் கைவிடாதீர்கள். மைக்கோபாக்டீரியம் மரினம் என்ற கிருமி தோலில் ஆறாத முடிச்சுகளை உண்டாக்கும். அப்படி வந்தால், மீன் வளர்க்கிறேன் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். சோவாந்திட் வகைப் பவளம் ஒட்டிய பாறையை வெந்நீரில் கொதிக்கவைக்காதீர்கள். சிலவற்றில் கொடிய நஞ்சு உண்டு, ஆவியிலேயே ஆபத்து வரும்.

வளர்க்க முடியாமல் போன மீனைக் கடைக்கே திருப்பிக் கொடுங்கள், அல்லது வளர்ப்பவர் ஒருவருக்குக் கொடுங்கள். பாவம் என்று லூமுட் கரையில் விடாதீர்கள். வேறு கடலின் நோயும் அதோடு சேர்ந்து இறங்கும். நம் பக்கத்துக் கடல்களைச் சேர்ந்த சிங்க மீன் 1985இல் அமெரிக்காவின் புளோரிடாக் கரையில் முதன்முதலில் காணப்பட்டது. மீன்தொட்டிகளிலிருந்து விடப்பட்டதாகவே கருதப்படும் அது, இன்று கரீபியன் கடல் முழுவதும் பரவி அங்குள்ள சிறு மீன்களைத் தின்றுகொண்டிருக்கிறது.