கருவி அறையின் வெப்பமும் ஈரமும்: வலையமைப்புக் கண்காணிப்புக் கருவியை நிறுவும் முறை

1898ஆம் ஆண்டில் பெங்களூரைப் பிளேக் நோய் வாட்டியது. நெரிசல் மிகுந்த பேட்டைப் பகுதிக்கு மாற்றாக, காற்றோட்டமும் வெளிச்சமும் உள்ள புதிய குடியிருப்புகள் அப்போது தேவைப்பட்டன. அவ்வாறு வளர்ந்தவற்றுள் மல்லேஸ்வரமும் பசவனகுடியும் முதன்மையானவை. நேரான சாலைகள், எண்ணிட்ட குறுக்குத் தெருக்கள், வீடுகளின் பின்புறம் துப்புரவுச் சந்துகள் என அமைந்த மல்லேஸ்வரத்தின் வரைபடத்தில் காற்றுக்கு முதலிடம் தரப்பட்டிருந்தது. பிளேக் தடுப்புப் பணிகளை ஒருங்கிணைக்க நகரில் தொலைபேசிக் கம்பிகள் இழுக்கப்பட்டதும் அந்த ஆண்டுகளில்தான்.

இன்று அதே தெருக்களில் உள்ள வங்கிக் கிளைகள், மருத்துவப் பரிசோதனைக் கூடங்கள், கல்லூரிகள், அலுவலகங்கள் ஆகியவற்றுள் பலவற்றில் ஒரு சிறிய அறை எப்பொழுதும் பூட்டிக் கிடக்கிறது. சர்வர், வலையமைப்பு ஸ்விட்ச், யு.பி.எஸ்., அதன் மின்கலங்கள் ஆகியவை அதனுள் இரவும் பகலும் இயங்குகின்றன. பெரும்பாலும் அது பொருள் வைப்பதற்காகக் கட்டப்பட்ட அறை; சன்னல் இராது, அல்லது இருந்த சன்னல் அடைக்கப்பட்டிருக்கும். காற்றோட்டத்திற்காகத் திட்டமிட்ட ஊரில் காற்றே புகாத அறை இது.

மல்லேஸ்வரத்தின் வட எல்லையை ஒட்டியுள்ள இந்திய அறிவியல் கழகத்தில் 2022ஆம் ஆண்டு 3.3 பெட்டாஃப்ளாப் திறன் கொண்ட பரம் பிரவேகா மீக்கணிப்பொறி நிறுவப்பட்டது. அத்தகைய பெரும் பொறிகளுக்குத் தனிக் குளிர்விப்பு ஏற்பாடும் அதற்கென்றே பொறுப்பாளர்களும் உண்டு. சிறிய அறைக்கு இவை இல்லை. ஆதலின் வெப்பநிலை, ஈரப்பதம், நீர்க்கசிவு, மின்தடை, கதவு திறப்பு ஆகியவற்றை அளந்து வலையமைப்பு வழியே செய்தி அனுப்பும் கருவி, பெரிய நிலையத்தைக் காட்டிலும் சிறிய அறைக்கே இன்றியமையாதது.

இதமான ஊரில் எதற்கு?

பெங்களூர் கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் உள்ளது. கோடையிலும் இரவு குளிர்ந்துவிடும். ஆகையால் கருவி அறைக்குக் கண்காணிப்பு எதற்கு என்னும் எண்ணம் எளிதில் தோன்றுகிறது. ஆனால் அறையைச் சூடாக்குவது வெளி வெயிலன்று. உள்ளே செலவாகும் மின்சாரமே. சர்வருக்குள் செல்லும் மின்னாற்றல் முழுவதும் இறுதியில் வெப்பமாகவே வெளிவருகிறது.

3 மீட்டர் நீளமும் அகலமும் உயரமும் உள்ள அறை ஒன்றைக் கருதுக. அதன் கொள்ளளவு 27 கனமீட்டர். உள்ளே 3 கிலோவாட் மின்சாரம் செலவாகிறது எனின், குளிர்விப்பு நின்றதும் அறைக் காற்று மட்டுமே அவ்வெப்பத்தை ஏற்பதாகக் கொண்டால், 10 விநாடிக்கு ஒரு டிகிரி வீதம் சூடேறும். சுவரும் தரையும் இரும்புச் சட்டங்களும் வெப்பத்தில் பெரும் பங்கை உறிஞ்சுவதால் உண்மையில் ஏற்றம் இவ்வளவு விரைவாக நிகழ்வதில்லை. எனினும் காவலர் மறுநாள் காலை கதவைத் திறக்கும்வரை அறை பொறுத்திருக்காது என்பதை இக்கணக்கு காட்டும்.

உயரத்தாலும் ஒரு பாதகம் உண்டு. பெங்களூரின் காற்று கடற்கரைக் காற்றைவிட ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அடர்த்தி குறைந்தது. ஒரே வேகத்தில் சுழலும் விசிறி இங்கே அந்த அளவுக்குக் குறைவான வெப்பத்தையே அகற்றும். அமெரிக்கக் குளிர்பதனப் பொறியாளர் சங்கமான ஆஷ்ரே வகுத்த நெறிமுறை, கணிப்பொறிக் கருவிகளின் அனுமதிக்கப்பட்ட வெப்பநிலையை 900 மீட்டருக்கு மேல் உயரத்திற்கு ஏற்பக் குறைக்கச் சொல்கிறது. பெங்களூர் அந்த எல்லைக் கோட்டின்மீதே அமைந்திருக்கிறது.

மிகுதியாக நிகழும் விபத்து எது என்பதை நிறுவுவோர் முதலில் உணர வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் மாலையில் இடியுடன் கூடிய மழை பெய்கிறது. மரங்கள் அடர்ந்த மல்லேஸ்வரம் போன்ற பகுதிகளில் கிளை முறிந்து மின்கம்பியில் விழுதல் புதிதன்று. மின்சாரம் நின்றதும் யு.பி.எஸ். சர்வரைத் தாங்கிக் கொள்கிறது. குளிர்சாதனமோ பெரும்பாலும் யு.பி.எஸ்.-இல் இணைக்கப்படுவதில்லை. சர்வர் ஓடுகிறது, குளிர்ச்சி நின்றுவிட்டது. மின்சாரம் திரும்பிய பின்னரும், தானாகத் தொடங்கும் வசதி இல்லாத குளிர்சாதனம் அணைந்தே கிடக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் சீராகவே தோன்றும். மின்கலங்களும் இதனால் நலிவடைகின்றன. மூடிய ஈய–அமில மின்கலத்தின் ஆயுள், 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 8 முதல் 10 டிகிரி ஏற்றத்திற்கும் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர் கைக்கொள்ளும் கணக்கு.

குளிர்ந்த நாட்டிலும் இது நேரும். 2022 ஜூலை 19 அன்று பிரிட்டனில் வெப்பநிலை முதன்முறையாக 40 டிகிரியைத் தாண்டியபோது, லண்டன் நகரின் கைஸ்–செயின்ட் தாமஸ் மருத்துவமனைகளின் கணிப்பொறி மையங்கள் இரண்டும் செயலிழந்தன. மருத்துவர்கள் காகிதக் குறிப்புகளைக் கொண்டு பணியாற்ற நேர்ந்தது. நிலைமை முழுதும் சீராகப் பல வாரங்கள் பிடித்தன.

உணரியை எங்கே வைப்பது?

கருவியுடன் வரும் உணரியை அருகிலுள்ள சுவரில் ஆணியடித்து மாட்டிவிடுவதே வழக்கமாக இருக்கிறது. இதைவிடப் பயனற்ற இடம் வேறில்லை. குளிர்சாதனத்தின் காற்று நேரே படும் இடத்தில் மாட்டினால் எப்பொழுதும் 20 டிகிரி காட்டும். சர்வரோ 35 டிகிரிக் காற்றை உறிஞ்சிக் கொண்டிருக்கும். அளக்க வேண்டியது அறையின் வெப்பத்தை அன்று, சர்வர் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பத்தை. ஆகவே ரேக்கின் முன்புறம், கீழ், நடு, மேல் என மூன்று உயரங்களில் உணரி அமைதல் நலம். ஒன்றுதான் உண்டு எனின் அதை மேல்பகுதியில் வைக்க வேண்டும். சூடான காற்று பின்புறமிருந்து ரேக்கின் தலைக்கு மேலாகச் சுழன்று முன்புறம் வருவது வழக்கம்.

உள்ளிழுக்கும் காற்று 18 முதல் 27 டிகிரிக்குள் இருத்தல் வேண்டும் என ஆஷ்ரே பரிந்துரைக்கிறது. ஈரப்பதத்தைப் பொறுத்தவரை மாணவர்கள் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். 22 டிகிரியில் 60 விழுக்காடு ஒப்பு ஈரப்பதம் உள்ள காற்றை 32 டிகிரிக்குச் சூடாக்கினால், ஒரு துளி நீரும் குறையாமலே ஈரப்பதம் 33 விழுக்காடாகக் காட்டும். அறை உலர்ந்துவிட்டது என்று கருதுவது பிழை. காற்றிலுள்ள நீரின் உண்மை அளவைக் காட்டுவது பனிநிலை, அதாவது காற்றிலிருந்து நீர் துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை. மேற்சொன்ன இரு நிலைகளிலும் அது ஏறத்தாழ 14 டிகிரியே. தென்மேற்குப் பருவத்தில் பெங்களூரின் வெளிக்காற்றுக்குப் பனிநிலை 19 டிகிரியை ஒட்டி இருக்கும். கதவு திறந்து கிடந்தால் அக்காற்று உள்ளே புகுந்து, அதனினும் குளிர்ந்த பரப்புகளில் நீராகப் படியும். கதவில் ஒரு காந்தத் தொடுவி பொருத்துவது திருட்டுக்கு எதிராக மட்டுமன்று, இதற்காகவும்தான்.

நீர்க்கசிவு உணரிக் கம்பியைத் தரையின் தாழ்ந்த பகுதியிலும், குளிர்சாதனத்தின் வடிகுழாய்க்கு நேர் கீழேயும் விரிக்க வேண்டும். கருவி அறைக்குள் வரும் நீரில் பெரும்பகுதி வெள்ளத்தால் வருவதன்று. அடைபட்ட வடிகுழாயால் வருவது. புகை உணரி வைக்கலாம்; ஆனால் சட்டப்படி அமைக்க வேண்டிய தீ எச்சரிக்கை அமைப்புக்கு அது ஈடாகாது.

இணைத்தலும் அமைத்தலும்

கம்பி வழியே ஈத்தர்நெட் இணைப்புடன் மின்சாரமும் பெறும் கருவியானால் வேலை எளிது. 2003இல் வகுக்கப்பட்ட 802.3ஏ.எஃப். தரப்படி ஸ்விட்ச் 15.4 வாட் வரை தருகிறது. இச்சிறு கருவிக்கு அதுவே மிகுதி. எனினும் அந்த ஸ்விட்ச், வெளியுலகுடன் இணைக்கும் ரூட்டர் ஆகிய இரண்டும் யு.பி.எஸ்.-இல் இருக்கின்றனவா என்று சோதித்தறிய வேண்டும். மின்தடையை அறிவிக்க வேண்டிய கருவி மின்தடையாலேயே ஊமையாகிவிடும் அமைப்புகள் பல உள்ளன.

கருவிக்கு மாறாத ஐ.பி. முகவரி கொடுத்து, அதைப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். தொழிற்சாலையில் இடப்பட்ட கடவுச்சொல்லை முதல் வேலையாக மாற்றுக. 2016ஆம் ஆண்டு மிராய் என்னும் தீநிரல், மாற்றப்படாத கடவுச்சொற்களைக் கொண்டே எண்ணற்ற கேமராக்களையும் ரூட்டர்களையும் கைப்பற்றியது. கண்காணிப்புக் கருவியைப் பொது இணையத்திற்குத் திறந்து வைத்தல் கூடாது. அலுவலகக் கணிப்பொறிகளிலிருந்து பிரித்த தனி வலைப்பகுதியில் வைப்பதே முறை.

மைய சர்வருக்குச் செய்தி அனுப்ப எஸ்.என்.எம்.பி. என்னும் நெறிமுறை பெரிதும் பயன்படுகிறது. இதில் மைய சர்வர் கருவியை வினவி அளவு பெறுவது ஒரு வகை. எல்லை மீறியதும் கருவி தானாகச் செய்தி அனுப்புவது மற்றொரு வகை. பழைய பதிப்புகளில் அடையாளச் சொல் மறைக்கப்படாமலே கம்பியில் செல்லும். மூன்றாம் பதிப்பைக் கொள்வதே தக்கது.

இந்தியாவில் இயங்கும் நிறுவனங்களுக்கு 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்–இன் வெளியிட்ட நெறியாணை இங்கே கருதத்தக்கது. கணிப்பொறி அமைப்புகளின் கடிகாரங்கள் தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வருடன் இசைவிக்கப்பட வேண்டும் என்றும், பதிவுகள் 180 நாள் காக்கப்பட வேண்டும் என்றும் அது கூறுகிறது. ஆணையை விட்டுவிட்டுப் பார்த்தாலும், மின்சாரம் எப்போது நின்றது, வெப்பம் எப்போது ஏறியது என்பதை நேரம் தவறிய பதிவால் நிறுவ இயலாது.

எச்சரிக்கை யாரிடம் சேரும்?

எளிதாகத் தோன்றி, கடினமாக முடியும் பகுதி இதுவே. எல்லைகளை 27 டிகிரியில் எச்சரிக்கை, 32 டிகிரியில் அபாயம் என வைக்கலாம். 27ஐத் தொட்டுத் தொட்டு இறங்கும் அறை இரவெல்லாம் செய்தி அனுப்பாதிருக்க, வெப்பம் 25க்கு இறங்கிய பிறகே எச்சரிக்கை நீங்கும்படியும், சில நிமிடங்கள் நீடித்தால் மட்டுமே செய்தி போகும்படியும் அமைக்க வேண்டும். மின்தடைக்கும் நீர்க்கசிவுக்கும் தாமதம் கூடாது. காரணமின்றி நள்ளிரவில் பத்து முறை எழுப்பப்பட்ட அலுவலர் பதினோராம் முறை தொலைபேசியை அணைத்து வைப்பார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

செய்தியின் சொற்களிலும் கருத்துச் செலுத்த வேண்டும். 'உணரி 3 மிகை' என்று வந்தால் யாருக்கும் விளங்காது. 'முதல் மாடி சர்வர் அறை, ரேக் மேல்தட்டு, 33 டிகிரி' என வருமாறு உணரிகளுக்குப் பெயரிட வேண்டும். செய்தி பெறுபவர் நகரின் மறுகோடியில் இருப்பார். அறைக்கு முதலில் செல்லக்கூடியவர் இரவுக் காவலர். ஆகையால் அவர் செய்ய வேண்டியவை கதவருகில் கன்னடத்தில் எழுதி ஒட்டப்பட்டிருத்தல் வேண்டும்: குளிர்சாதனத்தை இயக்கிப் பார்த்தல், இயங்காவிடில் கதவைத் திறந்து விசிறி வைத்தல், இன்ன எண்ணுக்குப் பேசுதல். சாவி யாரிடம் உள்ளது என்பதும் அதில் இருக்கட்டும். கருவி வாங்கும் கோப்பில் விலைப்புள்ளிகள் மூன்று இருக்கும். சாவி பற்றிய குறிப்பு ஒன்றுகூட இராது.

பொதுத் துறையில் இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. தடுப்பூசிகளை 2 முதல் 8 டிகிரிக்குள் காக்க வேண்டிய குளிர்பதனப் பெட்டிகளில் வெப்பப் பதிவியைப் பொருத்தி, செல்பேசி வலையமைப்பு வழியே அளவை அனுப்பும் இ–வின் திட்டம் 2015 முதல் நாட்டில் விரிவாக்கப்பட்டது. வெப்பம் எல்லை மீறினால் செய்தி போய்ச் சேரும் இடம் ஒரு பொது அஞ்சல் பெட்டியன்று. அந்தக் குளிர்பதன மையத்தின் பொறுப்பாளர். அவருக்குப் பயிற்சியும் அளிக்கப்பட்டது.

இன்னொரு நிலையையும் எண்ண வேண்டும். கருவியே பழுதுற்றால் எச்சரிக்கை எதுவும் வராது; வராததை நலமென்று கொள்வர். இதற்காக வேறிடத்திலுள்ள மைய சர்வர் சில நிமிடங்களுக்கு ஒருமுறை கருவியை வினவி, விடை வராவிடில் அதையே எச்சரிக்கையாக அறிவிக்க வேண்டும்.

சோதித்தல்

நிறுவிய அன்றே ஒவ்வோர் உணரியையும் சோதித்தல் வேண்டும். ஈரத்துணியைக் கசிவுக் கம்பியின்மேல் வைத்தும், கதவைத் திறந்தும், குளிர்சாதனத்தை அணைத்தும், மின் இணைப்பை நிறுத்தியும், உரியவரின் கைக்குச் செய்தி எத்தனை நிமிடத்தில் சேர்ந்தது எனக் குறிக்க வேண்டும். ஈரப்பத உணரியைச் சரிபார்க்கக் கல்லூரி மாணவர்களும் செய்யக்கூடிய எளிய முறை ஒன்று உண்டு. சமையல் உப்பை நீரில் குழைத்து, கரையாத உப்பு எஞ்சும்படி ஒரு சிறு கிண்ணத்தில் இட்டு, உணரியுடன் ஒரு மூடிய கலத்தில் வைத்தால், சில மணி நேரத்தில் உள்காற்றின் ஈரப்பதம் 25 டிகிரியில் 75 விழுக்காட்டில் நிலைக்கும். உணரி உப்பு நீரைத் தொடலாகாது. வெப்ப உணரிக்கு உருகும் பனிக்கட்டியின் 0 டிகிரி போதும். கொதிநீரில் 100 டிகிரி பார்க்கலாம் என்று மல்லேஸ்வரத்தில் முயல்வோர் உணரியைப் பழுதென்று ஒதுக்கிவிட நேரும். அவ்வுயரத்தில் நீர் ஏறத்தாழ 97 டிகிரியிலேயே கொதிக்கிறது.

இச்சோதனையை மாதம் ஒருமுறையும், ஏப்ரல் மழைக்கு முன்னர் மின்கலங்களுடன் சேர்த்து முழுமையாக ஒருமுறையும் செய்ய வேண்டும். செய்தி பெறுவோர் பட்டியலையும் அப்போதே சரிபார்த்தல் நன்று. மாற்றலாகிச் சென்ற அலுவலரின் செல்பேசி எண் அதில் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுகிறது.