பழைய கலவைக் கலன்: மாற்றுவதா, புதுப்பிப்பதா?

புதிய கலவைக் கலன் வாங்கக் கடன் கேட்டு வரும் தொழில்முனைவோரிடம் நாம் முதலில் கேட்கும் கேள்வி பலருக்கு வியப்பளிக்கிறது. "இப்போதுள்ள கலனில் எந்தப் பாகம் கெட்டுவிட்டது?" என்பதே அக்கேள்வி. "எல்லாமே பழையதாகிவிட்டது" என்னும் விடையே பெரும்பாலும் கிடைக்கிறது. ஆனால் ஓர் இயந்திரத்தின் எல்லாப் பாகங்களும் ஒரே சமயத்தில் மூப்படைவதில்லை. எது மூப்படைந்தது, எது இன்னும் உறுதியாக நிற்கிறது என்று பிரித்தறிந்த பின்னரே, வேண்டிய கடன் முப்பது லட்சமா, பத்து லட்சமா என்று சொல்ல இயலும்.

குஜராத்தின் வாபி, அங்கலேஷ்வர் பகுதிகளில் சாயமும் பெயிண்ட்டும் இரசாயனமும் செய்யும் ஆலைகளுக்கும், இமாசலப் பிரதேசத்தின் பத்தி நகரிலும் ஐதராபாத்தின் ஜீடிமெட்லாவிலும் உள்ள மருந்து ஆலைகளுக்கும் பொதுவான ஒன்று உண்டு. உற்பத்தியின் நடுநாயகமாக ஒரு கலன், அதனுள்ளே கலக்கி, மேலே மோட்டாரும் கியர் பாக்ஸும். அது நின்றால் ஆலையே நிற்கும். ஆகவே அதனைப் பற்றிய முடிவை அவசரத்தில் எடுப்பதும் இயல்பாகிவிடுகிறது. சீல் ஒழுகத் தொடங்கிய வாரத்திலேயே புதிய கலனுக்கான விலைப்பட்டியலைக் கேட்டுப் பெறுவோர் உண்டு.

கலனின் உடலையும் அதனை இயக்கும் பகுதியையும் தனித்தனியே பார்த்தல் வேண்டும். நன்கு செய்யப்பட்ட எவர்சில்வர் கலனின் உடல் பெரும்பாலும் நெடுங்காலம் நிற்கும். தேய்வது பேரிங்கும் கிளாண்ட் பேக்கிங்கும். பேக்கிங் உராயும் இடத்தில் ஷாஃப்ட்டும். பல முறை ரீவைண்டிங் செய்யப்பட்ட மோட்டாரும். வார்ம் கியர் பெட்டியின் வெண்கலச் சக்கரமும். இவை அனைத்தும் கழற்றி மாற்றத்தக்கவை. எனவே உடல் நன்றாக இருக்கிறதா என்பதே முதற்கேள்வி.

அதனைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. மீயொலிக் கருவிகொண்டு சுவரின் கனத்தைப் பல இடங்களில் அளந்து, கலன் செய்யப்பட்டபோது இருந்த கனத்துடன் ஒப்பிட வேண்டும். வெல்டிங் இணைப்புகளில் சாயம் ஊடுருவும் சோதனை செய்து நுண்விரிசல்களைத் தேட வேண்டும். ஜாக்கெட்டை நீர் நிரப்பி அழுத்தச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும். காற்றை நிரப்பிச் சோதிப்பது எளிது என்று சில பட்டறைகள் சொல்லக்கூடும். அழுத்தப்பட்ட காற்றில் அடங்கியிருக்கும் ஆற்றல் மிகப் பெரிது. ஜாக்கெட் பிளந்தால் உயிருக்கே ஆபத்து. நீர்ச் சோதனையையே வற்புறுத்துங்கள்.

குளோரைடு கலந்த நீர் அல்லது பொருள், சூடான எவர்சில்வருடன் நெடுங்காலம் தொடர்பு கொண்டால், இழுவிசை உள்ள இடங்களில் மயிரிழை விரிசல்கள் கிளைவிட்டுப் பரவும். 304 வகை எவர்சில்வரில் இத்தகைய விரிசல் பலரும் அறிந்த நோய். ஓரிரு இடங்களில் மட்டும் இருந்தால் வெட்டியெடுத்துப் புதுத் தகடு பொருத்தலாம். வலைபோல் பரவியிருந்தால் அக்கலனில் ஒரு ரூபாயும் செலவிட வேண்டாம். புதியது வாங்குவதே முறை.

உடல் தேறிவிட்டது என்று கொள்வோம். அடுத்து கலக்கி. புதுப்பித்தலில் மிகுதியான தவறுகள் நேர்வது இங்கேதான். "கலவை சீராக வரவில்லை, இறக்கையைச் சற்று நீட்டிவிடுவோம்" என்று பட்டறையில் பேசிக்கொள்வார்கள். 'சற்று' என்ற சொல்லுக்கு இயற்பியலில் என்ன விலை என்று பாருங்கள். நீர்போல் இளகிய திரவத்தைக் கொந்தளிக்கக் கலக்கும்போது, கலக்கிக்கு வேண்டிய மின்திறன் அதன் விட்டத்தின் ஐந்தாம் அடுக்கையும் வேகத்தின் மூன்றாம் அடுக்கையும் பொறுத்து ஏறுகிறது. விட்டத்தைப் பத்து விழுக்காடு கூட்டினால் மின்திறன் ஏறத்தாழ 61 விழுக்காடு கூடும். வேகம் மாறாதிருக்க, ஷாஃப்ட்டின்மேல் விழும் முறுக்குவிசையும் அதே அளவு ஏறும். பழைய ஷாஃப்ட் அதற்காக வடிவமைக்கப்பட்டதன்று. இறக்கையின் எடையும் கூடுவதால், ஷாஃப்ட் தானாகவே அதிரத் தொடங்கும் வேகமும் கீழிறங்கி, ஓடும் வேகத்தை நெருங்கிவிடலாம். சில வாரங்களில் சீல் ஒழுகும்; பேரிங் முழங்கும்; பழி புதிய சீலின்மேல் விழும்.

இதே விதி மறுபக்கம் நமக்குச் சாதகமாகவும் வேலை செய்கிறது. வேகத்தை இருபது விழுக்காடு குறைத்தால் மின்திறன் ஏறத்தாழ பாதியாகிறது. பொருள் போடும்போது முழு வேகமும், கரைந்தபின் குறைந்த வேகமும் போதும் என்றிருக்கும் ஆலைகளில், வி.எஃப்.டி. என்னும் வேகக்கட்டுப்பாட்டுக் கருவி நல்ல பயன் தரும். ஆனால் இவ்விதி இளகிய திரவங்களுக்கே உரியது. பசை, களிம்பு போன்ற கெட்டிப் பொருள்களில் மின்திறன் வேகத்தின் இரண்டாம் அடுக்கையே பொறுத்தது. சேமிப்பும் அதற்கேற்பக் குறையும். தவிர, கெட்டிப் பொருளைக் குறைந்த வேகத்தில் கலக்கும்போது மோட்டாரின் சொந்த விசிறியும் மெதுவாகச் சுழல்வதால் மோட்டார் சூடாகும். தனி விசிறி தேவைப்படும். எளிதில் தீப்பற்றும் கரைப்பான்கள் உள்ள இடமாயின், அங்குள்ள தீத்தடுப்பு மோட்டார் வி.எஃப்.டி.யுடன் இயங்கத் தகுதி பெற்றதா என்ற சான்றைக் கேட்டுப் பெறாமல் இணைத்தல் கூடாது.

இனி பணக்கணக்கிற்கு வருவோம். 5,000 லிட்டர் கொள்ளளவுள்ள ஜாக்கெட் கலன் ஒன்று. நாளொன்றுக்கு 16 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள், ஆக 4,800 மணி நேரம் ஓடுகிறது எனக் கொள்வோம். விலைகளும் திறன் அளவுகளும் கணக்கிற்காக நாம் எடுத்துக்கொண்டவை. தங்கள் ஆலையின் எண்களை அவ்விடத்தில் பொருத்திப் பாருங்கள். புதிய கலன் 28 லட்சம் ரூபாய். பழையதைப் புதுப்பிக்க 9 லட்சம்: ஹெலிக்கல் கியர் பாக்ஸ், ஐ.இ.3 தர மோட்டார், மெக்கானிக்கல் சீல், புது ஷாஃப்ட், வி.எஃப்.டி., சோதனைகள் எல்லாம் இதில் அடங்கும்.

கலக்கிக்கு வேண்டியது 7.5 கிலோவாட். பழைய வார்ம் கியர் பெட்டியின் திறன் 75 விழுக்காடு, பழைய மோட்டாரின் திறன் 87 விழுக்காடு எனில், மின்கம்பியிலிருந்து இழுக்கப்படுவது ஏறத்தாழ 11.5 கிலோவாட். புதிய கியர் 95, புதிய மோட்டார் 92 விழுக்காடு எனில் 8.6 கிலோவாட் போதும். ஆண்டுக்கு ஏறத்தாழ 14,000 யூனிட் மிச்சம். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்றால் 1 லட்சத்து 12 ஆயிரம் ரூபாய். பாதி நேரம் எண்பது விழுக்காடு வேகத்தில் ஓட்ட முடிந்தால், வி.எஃப்.டி. மேலும் ஏறத்தாழ 9,000 யூனிட் மிச்சமாக்கும். அது 72 ஆயிரம் ரூபாய். ஆக ஆண்டுக்கு 1 லட்சத்து 84 ஆயிரம்.

மேற்கண்ட மிச்சத்தில் பெரும்பகுதி கியர் பாக்ஸ் மாற்றத்தால் வருவது என்பதைக் கவனியுங்கள். மோட்டாரின் தரத்தைக் குறித்தே விற்பனையாளர்கள் மிகுதியாகப் பேசுகிறார்கள். ஐ.எஸ். 12615 தரநிலையில் 15 கிலோவாட், நான்கு துருவ மோட்டாருக்கு ஐ.இ.2 வகையின் திறன் 90.6 விழுக்காடு, ஐ.இ.3 வகைக்கு 92.1. வேறுபாடு ஒன்றரை விழுக்காடுதான். வார்ம் கியரில் வெப்பமாக வீணாவதோ அதைப்போல் பன்மடங்கு. பெட்டியைத் தொட முடியாத அளவுக்குக் கொதிக்கிறதென்றால், அந்தச் சூட்டிற்கும் நாம் மின்கட்டணம் செலுத்திக்கொண்டிருக்கிறோம்.

ஆயினும் மின்சேமிப்பு ஒன்றையே நம்பினால் 9 லட்சம் திரும்ப ஐந்தாண்டுகளுக்கு அருகில் ஆகும். வட்டியையும் சேர்த்தால் இன்னும் நீளும். நம்மிடம் வரும் திட்ட அறிக்கைகளில் "மின்சேமிப்பால் ஓராண்டில் முதல் திரும்பும்" என்று எழுதியிருந்தால், அக்கணக்கை நாம் இருமுறை பார்க்கிறோம். புதுப்பித்தலின் நியாயம் வேறிடத்தில் இருக்கிறது. கடன் வாங்காமல் விட்ட 19 லட்சத்திற்கு, பத்து விழுக்காடு வட்டி எனில், முதலாண்டில் மட்டும் 1 லட்சத்து 90 ஆயிரம் மிச்சம். அதனுடன் ஒழுகி வீணாகும் பொருள், நீண்டுபோகும் கலவை நேரம், திடீரென நிற்கும் நாட்கள் ஆகியவற்றின் இழப்பைத் தங்கள் பதிவேட்டிலிருந்தே எடுத்துக் கூட்டுங்கள். பதிவேடு இல்லையெனில், மூன்று மாதம் எழுதிவைத்த பின் முடிவெடுப்பது தாமதமாகாது.

பணத்தை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் நல்ல தொழிலகங்களும் இடறுகின்றன. பெயிண்ட் செய்யும் நம் வாடிக்கையாளர் ஒருவர், புதுப்பிக்கும் செலவு சிறியதுதானே என்று, கேஷ் கிரெடிட் கணக்கிலிருந்தே பட்டறைக்குப் பணம் கொடுத்துவிட்டார். கலன் மிகச் சிறப்பாகத் திரும்பி வந்தது. ஆனால் அவ்வரம்பு சரக்கிருப்பையும் வரவேண்டிய பாக்கியையும் அடிப்படையாகக் கொண்டது. கலன் நின்ற இரு வாரங்களில் உற்பத்தியில்லாமல் சரக்கு குறைந்தது. எடுக்கத்தக்க தொகையும் குறைந்தது. எஞ்சியதைப் பட்டறை எடுத்துக்கொண்டது. புதுப்பித்த கலன் தயாராக நின்ற நாளில் டைட்டானியம் டையாக்சைடு வாங்கக் கையில் பணமில்லை. பருவமழைக்குப் பிந்தைய விற்பனைக் காலத்தின் முதல் மாதம் அவ்வாறே கழிந்தது. அவர் முன்னதாக வந்திருந்தால், மூன்றாண்டுத் தவணைக் கடனாக அதே தொகையைக் கொடுத்திருப்போம். பல ஆண்டுகள் பயன்தரும் செலவைப் பல ஆண்டுகளில் திருப்பும் கடனால் செய்வதே பொருந்தும்.

கலன் வங்கியிடம் ஹைபாதிகேஷனில் இருந்தால், அதனை ஆலையை விட்டு வெளியே அனுப்புமுன் கிளைக்கு எழுத்து மூலம் தெரிவித்து இசைவு பெறுதல் வேண்டும். காப்பீடு பெரும்பாலும் ஆலையின் முகவரிக்கே உரியது. வண்டியில் செல்லும்போதும் பட்டறையில் இருக்கும்போதும் நேரும் சேதத்திற்குத் தனியே காப்பு தேவை. வேலை முடிந்தபின் காப்பீட்டுத் தொகையையும் திருத்துங்கள். 30 லட்சம் மதிப்புள்ள இயந்திரத்தை 15 லட்சத்திற்கே காப்பீடு செய்திருந்தால், சராசரி விதி பொருந்தும் பாலிசிகளில், 4 லட்சம் ரூபாய்ச் சேதத்திற்கு 2 லட்சமே கிடைக்கும்.

வரியைப் பொறுத்து ஓர் எச்சரிக்கை. வருமானவரிச் சட்டம், இருக்கும் இயந்திரத்தை அதே நிலையில் பேணும் நடப்புப் பழுதுபார்ப்பையே அவ்வாண்டின் செலவாக ஏற்கிறது. நூற்பாலை வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2007-இல், ஒவ்வொரு ரிங் ஃபிரேமும் தனி இயந்திரமே; அதனை மாற்றுவது ஆலையின் பழுதுபார்ப்பு ஆகாது என்று கூறியது. தேய்ந்த பேரிங்கை மாற்றுவதும், வேகக்கட்டுப்பாடு சேர்த்துக் கலனின் ஆற்றலை உயர்த்துவதும் வரியின் கண்ணில் ஒன்றல்ல. எனவே பட்டறையின் பட்டியலை ஒரே தொகையாக வாங்காமல், இனம் இனமாக வாங்கித் தங்கள் கணக்காயரிடம் காட்டுங்கள்.

புதுப்பித்தல் வேண்டாம் என்று நாமே சொல்லும் இடங்களும் உண்டு. விரிசல் பரவிய உடலை முன்பே குறிப்பிட்டோம். பொருள் மாறும்போதும் அவ்வாறே. சாயம் கலந்த கலனைத் தேய்த்து மெருகிட்டு உணவுப் பொருளுக்குப் பயன்படுத்த நினைப்பது சிக்கனமன்று. மருந்து ஆலையாயின், கலக்கியோ சீலோ மாறியபின் அக்கருவியின் தகுதிநிலைச் சோதனைகளை மீண்டும் செய்து ஆவணப்படுத்த வேண்டும். அச்செலவையும் நாட்களையும் கூட்டியபின் புதியதே மலிவாகலாம். புதுப்பிக்கும் செலவு புதியதன் விலையில் பாதியைத் தாண்டினால், நாம் பொதுவாகப் புதியதற்கே பரிந்துரைக்கிறோம். கலனைப் பிரித்த பின்னரே தெரியவரும் குறைகள் எப்போதும் சில இருக்கும். பாதி என்று தொடங்கியது முக்கால் ஆவதைக் கண்டிருக்கிறோம்.

பட்டறையுடன் ஒப்பந்தம் செய்யும்போது கடைசித் தவணையாக ஒரு பகுதியை நிறுத்திவைக்க எழுதிக்கொள்ளுங்கள். கலன் வந்தபின் முதலில் நீரை நிரப்பி நான்கு மணி நேரம் ஓட்டி, மோட்டார் இழுக்கும் ஆம்பியர், பேரிங்கின் சூடு, சீல் அருகே ஷாஃப்ட்டின் ஆட்டம் ஆகியவற்றை அரை மணிக்கொருமுறை குறித்து வையுங்கள். காலியாக ஓட்டிப் பார்ப்பது போதாது. சில மெக்கானிக்கல் சீல்கள் உலர்ந்து ஓடினால் அன்றே கெட்டுவிடும். நீரில் தேறியபின் உண்மையான பொருளில் மூன்று முறை முழுக் கலவை எடுத்து, அக்குறிப்பேட்டின் படியொன்றைக் கிளையில் கொடுத்தால், பட்டறைக்குரிய கடைசித் தவணையை நாம் விடுவிப்போம்.