பாடம் 7: காரணம் தெரியாத உடல் மாற்றங்களும் ஆறாத தோல் வருத்தங்களும்

இந்தப் பாடத்தின் நோக்கம்

இதைப் படித்து முடிக்கும்போது, உடலில் தொடர்ந்து வரும் எந்த மாற்றங்களைச் சாதாரணமாக விடக்கூடாது, எங்கே போய்க் காட்ட வேண்டும், வைத்தியரிடம் என்ன சொல்ல வேண்டும், "ஒன்றுமில்லை" என்று சொல்லி அனுப்பினால் அடுத்ததாக என்ன கேட்க வேண்டும் என்பவை உங்களுக்குத் தெரிந்திருக்கும். வீட்டில் படிக்கத் தெரியாதவர்கள் இருந்தால் அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

ஊர் மாறினதால்தானா?

மண்சரிவுக்குப் பயந்து பாடசாலையிலும் கோயில் மண்டபத்திலும் தங்கியிருந்துவிட்டுத் தோட்டத்துக்குத் திரும்பியிருப்பீர்கள். அல்லது 1983க்குப் பின் வன்னிக்கோ தமிழ்நாட்டு முகாமுக்கோ போன குடும்பத்தில் பிறந்து, இப்போது அப்பா அம்மாவின் ஊருக்கு வந்திருப்பீர்கள். எங்கிருந்து வந்தாலும் உடம்புக்கு ஏதாவது வந்தால் முதலில் காதில் விழுவது ஒரே பதில்தான்: "தண்ணி மாறினது, குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, கவலையில் வந்தது, கொஞ்ச நாளில் சரியாகிவிடும்."

சில வேளை அது உண்மைதான். வெயில் ஊரில் இருந்து நுவரெலியாவுக்கு வந்தவருக்குத் தோல் வறண்டு வெடிக்கும். பெரிய அதிர்ச்சிக்குப் பின் ஒரு மாதம் மாதவிடாய் தள்ளிப் போவதும் உண்டு. ஆனால் மூன்று மாதம் கழிந்தும் மாறாத ஒன்றைக் குளிரின் மேல் போட்டுவிடக்கூடாது. குளிர் எல்லோருக்கும் பொது. லயத்தில் மற்றவர்கள் ஒரு சுவெட்டரோடு வேலைக்குப் போகும்போது உங்களுக்கு மட்டும் மூன்று போர்வைக்குள்ளும் நடுக்கம் என்றால், அதற்கு வேறு காரணம் இருக்கலாம்.

ஹோர்மோன் என்பது என்ன?

உடம்பில் சில சுரப்பிகள் இருக்கின்றன. அவை இரத்தத்தில் கலக்கும் சிறு அளவுப் பொருள்களே ஹோர்மோன்கள். உடலின் சூடு, பசி, எடை, மாதவிடாய், தோல், முடி, மனநிலை எல்லாவற்றுக்கும் இவை உத்தரவு கொடுக்கின்றன. ஒரு சுரப்பி கூடவோ குறையவோ வேலை செய்தால் பல இடங்களில் ஒரே நேரத்தில் மாற்றம் தெரியும். அதனால்தான் இந்த நோய்கள் பிடிபடாமல் போகின்றன. முடி உதிர்வதற்கு எண்ணெயும், களைப்புக்குச் சத்து மாத்திரையும், தோலுக்குக் கிறீமும் என்று தனித்தனியாக வாங்கிக்கொண்டே இருப்போம். எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றாக இருக்கக்கூடும்.

அடிக்கடி காணப்படும் நான்கு காரணங்கள்

1. தைரொயிட் குறைவு. கழுத்தின் முன்பக்கம் இருக்கும் சுரப்பி இது. குறைவாகச் சுரந்தால் களைப்பு, தாங்க முடியாத குளிர், எடை கூடுதல், மலச்சிக்கல், வறண்ட தோல், முடி உதிர்தல், குரல் கரகரப்பு, அதிக இரத்தப்போக்கு, மறதி, மனச்சோர்வு ஆகியவை வரும். இதற்கு மாறாகக் கூடுதலாகச் சுரந்தால் எடை குறையும், நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், வியர்க்கும். இரண்டையும் ஓர் இரத்தப் பரிசோதனையில் கண்டுகொள்ளலாம். குறைவு உள்ளவர்களுக்குத் தைரொக்சின் மாத்திரை கொடுப்பார்கள்.

அயடின் குறைவால் கழுத்து வீங்கும் கழலை நோய் முன்பு இலங்கையில் பரவலாக இருந்தது. 1995இல் இருந்து உணவு உப்பில் அயடின் சேர்ப்பது கட்டாயம். உப்பை அடுப்பின் மேல் திறந்து வைத்தால் அயடின் குறைந்துவிடும். மூடியுள்ள பாத்திரத்தில் வைத்து, கறி இறக்கும் நேரத்தில் போடுங்கள்.

2. சூலகக் கட்டிகளோடு வரும் ஹோர்மோன் குழப்பம். மாதவிடாய் 35 நாளுக்கு மேல் தள்ளித் தள்ளி வருவது, முகத்தில் விடாத பருக்கள், மேலுதட்டிலும் நாடியிலும் முடி, கழுத்தின் பின்பக்கம் அழுக்குப் போலக் கறுத்துத் தடிப்பது, பிள்ளை தங்கத் தாமதம் ஆகியவை இதன் அடையாளங்கள். கழுத்துக் கறுப்பு அழுக்கு அல்ல, தேய்த்துக் குளித்தாலும் போகாது. இது உள்ள பெண்கள் இரத்தத்தில் சீனியின் அளவையும் பார்க்க வேண்டும். உடல் எடை கூடியவர்கள் அதில் இருபதில் ஒரு பங்கைக் குறைத்தாலே பலருக்கு மாதவிடாய் சீராகத் தொடங்கும். பிள்ளை இல்லை என்று ஒரு பெண்ணைக் குறை சொல்வதற்கு முன் கணவன் மனைவி இருவரும் பரிசோதிக்க வேண்டும்.

3. நீரிழிவு. அடிக்கடி தாகம், இரவில் பல தடவை சிறுநீர், ஆறாத புண், திரும்பத் திரும்ப வரும் கட்டி, மறைவிடத்தில் அரிப்பு. தோல் நோய் என்று மருந்து பூசிக்கொண்டிருப்பவர்கள் பலருக்கு உண்மையான காரணம் இதுதான்.

4. குடும்பத்திட்ட ஊசி. மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் ஊசியால் மாதவிடாய் ஒழுங்கு மாறலாம், நின்றும் போகலாம். கையில் வைக்கும் குச்சியாலும் ஒழுங்கு மாறும். இது நோய் அல்ல. ஆனால் முகாமில் போட்டதை இங்கே சொல்லாமல் விட்டால் வைத்தியர் இல்லாத நோயைத் தேடுவார். மாதவிடாய் நின்ற எவரும் முதலில் கர்ப்பப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

வெள்ளைக் கிறீமும் டியூப் மருந்தும்

இந்தப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள். தோல் நோய்க்கும் ஹோர்மோன் மாற்றத்துக்கும் இடையில் பலர் அறியாத தொடர்பு ஒன்று இங்கே இருக்கிறது.

ஒன்றை எண்ணிப் பாருங்கள். மழையில் நனைந்த உடுப்போடு கொழுந்து எடுக்கும் ஒரு சகோதரிக்கு இடுப்பில் படர்தாமரை வருகிறது. கடையில் ஒரு டியூப் வாங்கிப் பூசுகிறார். இரண்டு நாளில் அரிப்பு நிற்கிறது. விட்டதும் முன்பைவிடப் பெரிதாக வருகிறது. மறுபடி பூசுகிறார். பக்கத்து வீட்டார் அதையே முகத்துக்கும் பூசச் சொல்கிறார்கள், முகம் வெளுக்கிறது. ஒரு வருடம் கழித்து முகம் உருண்டு, எடை கூடி, பருக்கள் வந்து, தோல் மெலிந்து நரம்பு தெரிகிறது. "ஹோர்மோன் வியாதி" என்கிறார்கள். ஆனால் ஆரம்பம் அந்த டியூப்.

பீட்டாமெதசோன், குளோபெட்டசோல் போன்ற பெயர்கள் உள்ள கிறீம்களில் ஸ்டீரொய்ட் இருக்கிறது. அதுவும் ஒரு ஹோர்மோன் மருந்துதான். வைத்தியர் சொன்ன நோய்க்கு, சொன்ன நாள்களுக்கு மட்டும் பூசினால் நல்ல மருந்து. படர்தாமரைக்குத் தனியாகப் பூசினால் அரிப்பை மறைத்துப் பங்கசை வளர்க்கும். பல மாதம் உடம்பெங்கும் பூசினாலோ, ஸ்டீரொய்ட் மாத்திரையைத் தொடர்ந்து விழுங்கினாலோ உடலின் சொந்தச் சுரப்பி தூங்கிவிடும். பிறகு திடீரென நிறுத்துவது ஆபத்து. ஆகவே நீண்ட காலம் பாவித்தவர்கள் தாமாக நிறுத்தாமல் வைத்தியரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

முகம் வெளுக்க விற்கும் சில கிறீம்களில் பாதரசமும் கலந்திருக்கிறது. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத எதையும் பூச வேண்டாம். பாலூட்டும் தாய்மார் நிச்சயமாகப் பூசக்கூடாது.

ஹோர்மோனோடு தொடர்பில்லாத தோல் வருத்தங்கள்

சிரங்கு: நெருக்கமாகத் தங்கிய இடங்களில் இருந்து திரும்புவோரிடம் அதிகம். இரவில் அரிப்புக் கூடும். விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றிப் பாருங்கள். ஒருவர் மட்டும் மருந்து பூசினால் போகாது. ஒரே அறையில் படுக்கும் எல்லோரும், அரிப்பு இல்லாதவர்களும், ஒரே நாளில் பூசி, சொன்ன நாளில் மறுபடியும் பூச வேண்டும். போர்வை, உடுப்பைச் சுடுநீரில் துவையுங்கள். துவைக்க முடியாததைப் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் வையுங்கள். மருந்துக்குப் பின்னும் இரண்டு மூன்று வாரம் அரிப்பு இருக்கலாம்.

தொழுநோய்: வெளுத்த அல்லது சிவந்த தழும்பு, அரிப்பில்லை, தொட்டால் உணர்ச்சி குறைவு. இதைக் கண்டால் அந்த வாரமே காட்டுங்கள். மருந்து இலவசம், 6 அல்லது 12 மாதத்தில் குணமாகும். மருந்து தொடங்கியதும் மற்றவருக்குத் தொற்றாது. ஒளித்து வைத்தால்தான் விரலும் பாதமும் பாதிக்கப்படும்.

வேலையால் வருவது: புல்லுக்கு மருந்து அடிப்பவர்களுக்குக் கையிலும் காலிலும் எரிவு, கொப்புளம். ஞாயிற்றுக்கிழமை லீவில் குறைந்து வேலை நாளில் கூடினால் அதை வைத்தியரிடம் சொல்லுங்கள். எந்த மருந்து அடித்தீர்கள் என்று போத்தல் லேபலின் படமும் காட்டுங்கள்.

எங்கே போவது?

முதற்படி தோட்டத்து டிஸ்பென்சரியும், லயத்துக்கு வரும் குடும்பநல மருத்துவமாதுவும். மறைவாகச் சொல்ல வேண்டியதை மருத்துவமாதுவிடம் சொல்லலாம். சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகம் நடத்தும் சுகவனிதையர் கிளினிக்கில் இரத்த அழுத்தம், சீனி, மார்பு, தைரொயிட், கருப்பைக் கழுத்துப் பரிசோதனை எல்லாம் இலவசம். ஆண்களும் போகக்கூடிய ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்கள் அரசாங்க வைத்தியசாலைகளில் இருக்கின்றன.

அடுத்து, ஹட்டன் பக்கத்தவர்களுக்கு டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலை, நுவரெலியாப் பக்கத்தவர்களுக்கு நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலை. சிறப்பு வைத்தியர் தேவைப்பட்டால் அங்கிருந்து கண்டி தேசிய வைத்தியசாலை போன்ற இடங்களுக்குக் கடிதம் தருவார்கள். அரசாங்க வைத்தியசாலையில் பார்ப்பதற்குப் பணம் இல்லை. அடையாள அட்டை இன்னும் கிடைக்கவில்லை என்று வீட்டில் இருந்துவிட வேண்டாம்.

ஒரு நாள் போனால் ஒரு பேர் போகும் என்பது எங்களுக்குத் தெரியும். அந்த ஒரு நாள் வீணாகாமல் இருக்கத்தான் அடுத்த பகுதி.

போகும் முன் ஆயத்தம்

• ஒரு தாளில் எழுதுங்கள்: என்ன மாற்றம், எந்த மாதம் தொடங்கியது, கூடுகிறதா குறைகிறதா.
• கடைசி மூன்று மாதவிடாய்த் திகதிகளைக் கலண்டரில் வட்டமிட்டு வையுங்கள்.
• பூசிய, விழுங்கிய எல்லா மருந்தின் டியூப், அட்டை, நாட்டு மருந்து, ஊசிக் கார்ட் ஆகியவற்றை ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள். கோபிப்பார்களோ என்று ஒளிக்க வேண்டாம்.
• தழும்பு வந்து மறைவதாக இருந்தால் தெரியும் நாளில் போனில் படம் எடுங்கள்.
• தமிழ்நாட்டில் இருந்து வந்தவர்கள் அங்குள்ள ஆஸ்பத்திரிச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். மருந்தின் கடைப்பெயர் இங்கே வேறாக இருக்கும். உள்ளிருக்கும் மருந்தின் பெயரும் அளவும்தான் முக்கியம். மாத்திரை முடியும் முன்பே காட்டுங்கள்.
• சிங்களம் தெரியாதவர்கள் தெரிந்த பெரியவர் ஒருவரைக் கூட்டிப் போங்கள். மாதவிடாய் விஷயத்தைப் பிள்ளையை வைத்து மொழிபெயர்க்க வேண்டாம். தமிழில் விளங்கப்படுத்தும்படி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

"எல்லாம் நோர்மல்" என்றால்?

அது நல்ல செய்தியாகவும் இருக்கலாம், பாதிப் பதிலாகவும் இருக்கலாம். ஒரு பரிசோதனை தான் தேடியதை மட்டுமே சொல்லும். தைரொயிட் சரியென்றால் நீரிழிவும் இரத்தச்சோகையும் சரியென்று ஆகாது. பணிவாக மூன்று கேள்வி கேளுங்கள்:

1. இந்தப் பரிசோதனை எந்த நோயைப் பார்த்தது?
2. இன்னும் எதைப் பார்க்க வேண்டியிருக்கிறது?
3. மாறாவிட்டால் எப்போது, எங்கே திரும்பி வர வேண்டும்?

பதிலைக் கிளினிக் கொப்பியில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் வேறு இடத்துக்குப் போய் முதலில் இருந்து தொடங்குவதைவிட, ஒரே கொப்பியோடு ஒரே கிளினிக்குக்குத் திரும்பிப் போவதே விரைவில் பதில் தரும். கவலையால் வந்தது என்று சொன்னாலும் அதுவும் ஒரு பதில்தான். இழப்புகளுக்குப் பின் மனம் உடம்பில் பேசுவது உண்மை. ஆனால் அந்த முடிவு பரிசோதனைகளுக்குப் பிறகு வர வேண்டும், மனதுக்கான உதவியும் கூடவே கிடைக்க வேண்டும்.

மருந்து தொடங்கிய பிறகு

தைரொக்சின் மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு குடிக்க வேண்டும். தேத்தண்ணீரோடு அல்ல. அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே தேத்தண்ணீர். காலையில் பிரட்டுக்குப் போகிறவர்கள் எழுந்தவுடன் மாத்திரையைப் போட்டுவிட்டு அடுப்பு மூட்டினால் நேரம் சரியாக வரும். இரும்புச் சத்து, கல்சியம் மாத்திரைகளுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். இரும்பு மாத்திரையையும் தேத்தண்ணீரோடு விழுங்க வேண்டாம், சத்துப் பிடிக்காது. சுகம் வந்துவிட்டது என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். கர்ப்பம் என்று தெரிந்த அன்றே கிளினிக்குக்குச் சொல்லுங்கள், அளவைக் கூட்ட வேண்டியிருக்கும்.

உடனே 1990க்கு அழைக்க வேண்டியவை

புது மருந்துக்குப் பின் காய்ச்சலோடு தோல் உரிதல், வாய்ப்புண். முகமும் நாக்கும் வீங்கி மூச்சு முட்டுதல். ஸ்டீரொய்ட் நிறுத்திய பின் வாந்தி, மயக்கம். காலில் சூடான சிவப்பு விரைவாகப் பரவிக் காய்ச்சல். துணி மாற்றி மாளாத இரத்தப்போக்கு. இந்த அம்புலன்ஸ் இலவசம். லயம் வரை வாகனம் வர முடியாவிட்டால் எந்த றோட்டுச் சந்தியில் நிற்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.

குடும்பமாகப் பேசுங்கள்

• நம் வீட்டில் மூன்று மாதத்துக்கு மேல் யாருக்கு என்ன வருத்தம் இருக்கிறது? யார் சொல்லாமல் இருக்கிறார்?
• வீட்டில் உள்ள கிறீம் டியூப்களை எடுத்து வாசியுங்கள். எதை, யார் சொல்லிப் பூசுகிறோம்?
• அடுத்த கிளினிக் நாள் எப்போது? அன்று பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது?

வீட்டுக் கூரையும் காணி உறுதியும் போலவே உடம்பும் திரும்பக் கட்ட வேண்டிய ஒன்று. அதைக் கடைசிக்கு விட வேண்டாம். இந்தப் பக்கத்தைக் கிளினிக் கொப்பிக்குள் மடித்து வையுங்கள். போகும் அன்று கையில் இருக்கும்.