சோடாப் பெட்டியின் கணக்கு

வணிகத்தைத் தனி ஒருவரின் சாமர்த்தியமாகவே பேசி நாம் பழகிவிட்டோம். கல்லாவில் அமர்ந்தவர் கெட்டிக்காரர் என்றால் கடை வளரும் என்பது ஊர் வழக்கு. இவ்வெண்ணத்தை உலுக்கிப் பார்க்கும் ஒரு வகுப்பறை விளையாட்டு, அமெரிக்காவிலுள்ள மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1960-களின் தொடக்கத்தில் உருவாயிற்று. மின்பொறியியலில் பெயர்பெற்று, 1956-இல் நிர்வாகவியல் பக்கம் வந்த ஜே ஃபாரெஸ்டர் என்னும் அறிஞரின் குழுவினர் அதனை ஆக்கினர். அங்கே அதற்குப் 'பீர் விளையாட்டு' என்று பெயர். எங்களுக்கு விருப்பப் பாடம் நடத்தும் வணிகவியல் பேராசிரியர், அரசுக் கல்லூரியின் மாண்பு கருதிப் பீரைச் சோடாவாக்கிவிட்டார். விதிகள் மட்டும் மாறவில்லை.

ஓர் அணிக்கு நால்வர்: சில்லறைக் கடைக்காரர், மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், ஆலைக்காரர். கடைக்காரர் மட்டுமே வாடிக்கையாளர் கேட்பதைக் காண்பார். மற்றவர்களுக்குக் கீழ் மேசையிலிருந்து வரும் சீட்டு ஒன்றே உலகம். ஆட்டம் தொடங்கிவிட்டால் ஒருவரோடொருவர் பேசக் கூடாது. இன்று கேட்ட சரக்கு, மேலே இருப்பு இருந்தால்கூட ஏறக்குறைய நான்கு வாரம் கழித்தே கைக்கு வரும். தேங்கி நிற்கும் பெட்டி ஒவ்வொன்றுக்கும் வாரம் 50 காசும், கொடுக்க இயலாமல் கடனாக நிற்கும் பெட்டிக்கு 1 ரூபாயும் செலவு. நால்வர் செலவையும் கூட்டிக் குறைந்த தொகை கண்ட அணியே வென்றது.

வாடிக்கையாளர் செய்வது ஒன்றே ஒன்றுதான். முதல் நான்கு வாரம் 4 பெட்டி கேட்பார். ஐந்தாம் வாரம் முதல் கடைசிவரை 8 பெட்டி. இதற்குள் எங்கிருந்து குழப்பம் வரும் என்று நண்பர்கள் கேட்கலாம். 1989-இல் ஜான் ஸ்டெர்மன் என்பவர் வெளியிட்ட ஆய்வில், ஆடிய அணிகளின் சராசரிச் செலவு, ஆகக்கூடிய மிகக் குறைந்த செலவைப்போல் சுமார் பத்து மடங்காக இருந்தது! ஆடியவர்கள் பாமரர்களும் அல்லர்.

கணக்கைப் பார்ப்போம். தொடக்கத்தில் கையிருப்பு 12 பெட்டி; வாரம் 4 வீதம் வழியில் 16. தேவை 8 ஆனதும், பழைய சீட்டின்படி 4 வரும், 8 போகும். எனவே கையிருப்பு 12, 8, 4, 0 என்று இறங்கி 4 பெட்டி கடனில் முடியும். இங்கேதான் மனம் பதறுகிறது. குறையைக் கண்டவர் அதை நிரப்பச் சீட்டு எழுதுகிறார். சரக்கு இன்னும் வரவில்லை. அடுத்த வாரமும் அதே குறைக்கு மீண்டும் எழுதுகிறார். ஒரே குறைக்கு நான்கு முறை சீட்டுப் போகிறது. கேட்டு வராதிருக்கும் சரக்கை மக்கள் கணக்கில் சேர்ப்பதில்லை என்பதே ஸ்டெர்மன் கண்ட முடிவு. அதைச் சேர்த்துப் பார்த்தால் விஷயம் மிக எளிது. வாரம் 8 என்றால் வழியில் 32 இருக்க வேண்டும். கையில் 4 போதும் என்று வைத்தால் மொத்தம் 36. முன்பிருந்தது 28. ஆகவே வழக்கமான 8-க்கு மேல் கூடுதலாகக் கேட்க வேண்டியது, ஆட்டம் முழுவதற்குமாக, 8 பெட்டிதான்.

எங்கள் அணியில் நான் மொத்த வியாபாரி. ஆட்டம் தொடங்குமுன் இக்கணக்கை மற்ற மூவரிடமும் சொன்னேன்; தாளின் ஓரத்தில் 'வரவேண்டியது' என்று ஒரு பத்தி கீறிக்கொண்டோம். முப்பது வாரம் முடிந்தபோது எங்கள் செலவு 486 ரூபாய். அடுத்த அணிக்கு ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. கணிதத் துறை வென்றது என்று வகுப்பில் கைதட்டினார்கள்.

கைதட்டல் இனிக்கத்தான் செய்தது. ஆயினும் பதிவுத் தாள்களைப் பிறகு எடுத்துப் பார்த்தபோது வேறொன்று புலப்பட்டது. எங்கள் கடைக்காரராக அமர்ந்தவர் பொருளியல் மாணவி. வீட்டில் பெட்டிக்கடை உண்டு. சரக்கு வண்டி வராத நாளில் பதறாமலிருக்கப் பழகியவர். ஐந்தாம் வாரம் 8 என்று எழுதினார், பின் 12, 12, மறுபடி 8. கையிருப்பு தீர்ந்து கடன் ஏறிய வாரத்திலும் அந்த எண் அசையவில்லை. அவர் 20 என்றும் 30 என்றும் எழுதியிருந்தால் என் கணக்கு என்ன செய்திருக்கும்? அதுதான் உண்மையான தேவை என்று நம்பி நானும் அப்படியே மேலே அனுப்பியிருப்பேன்.

இது வகுப்பறைக்குள் மட்டும் நடப்பதன்று. குழந்தைகள் அணையாடை நனைப்பது ஏறக்குறைய ஒரே சீராகத்தான். ஆனால் பாம்பர்ஸ் அணையாடை செய்யும் புராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்துக்கு விநியோகஸ்தர்களிடமிருந்து வந்த கோரிக்கைகள் பெரிதும் ஏறி இறங்கின. 1997-இல் ஹாவ் லீயும் அவருடன் இருவரும் எழுதிய கட்டுரைகள் இதை விரிவாக ஆராய்ந்தன. பிடியில் சிறு அசைவு, நுனியில் பெரு வீச்சு என்பதால் இதனைச் சாட்டை விளைவு என்கிறார்கள்.

எங்கள் வகுப்பில் கடைசியாக வந்த அணியின் ஆலைக்காரர் தாளையும் பார்த்தேன். கீழிருந்து வந்த சீட்டுக்கு மேல் அவர் அதிகமாகப் பொங்கவே இல்லை. வந்த சீட்டே 40-ஐத் தாண்டியிருந்தது. வாடிக்கையாளர் தேவையை ஊகித்து வரையச் சொன்னபோது அவர் மலையும் மடுவுமாக வரைந்தார். அவர் கண்ட உலகம் அதுதானே! அணியின் செலவை வைத்தே நால்வருக்கும் சம மதிப்பெண் என்பது முறை. ஆகவே எனக்கு உயர்ந்தது, அவருக்குத் தாழ்ந்தது. அணியாக ஆடினால் அணியாகவே மதிப்பெண் என்ற வாதத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் பாதி மதிப்பெண்ணை அணியின் செலவுக்கும், மறுபாதியை அவரவர் பெற்ற சீட்டுக்கும் எழுதிய சீட்டுக்கும் உள்ள வேறுபாட்டுக்கும் தந்தால் என்ன? வேண்டிய தாள்கள் எல்லாம் துறை அலமாரியில் இருக்கின்றன. கூட்டிப் பார்க்க ஒரு பிற்பகல் போதும். பேராசிரியர் இசைந்தால் நான் செய்து தருகிறேன்.