விசைப்பலகைத் தட்டு

குழித்தறியில் நெய்யும் நெசவாளரைப் பாருங்கள். அவர் தம் கால்களைத் தொங்கவிடுவதற்கெனத் தரையில் குழி தோண்டி, அதன் விளிம்பில் அமர்ந்து, பாவு தம் முழங்கைக்கு இசைந்த உயரத்தில் கிடக்குமாறு தறியை நிறுவிக்கொள்கிறார். தொழிலுக்கேற்ப உடலை வளைக்காமல், உடலுக்கேற்பத் தொழிற்கருவியை அமைத்துக்கொள்ளும் அறிவு நம் முன்னோரிடம் இருந்தது என்பதற்கு இஃது ஒன்றே போதிய சான்று. ஆனால், எழுதுமேசையின் முன் அமர்ந்து கணிப்பொறியில் தட்டச்சுச் செய்வோர்க்கு அவ்வறிவு ஏனோ எட்டாமற் போயிற்று. எவரோ எவருக்கோ செய்த மேசையில், கிடைத்த நாற்காலியை இட்டு அமர்ந்துவிடுகின்றனர்.

கள்ளக்குறிச்சி மாவட்டம், உளுந்தூர்ப்பேட்டை வட்டத்தைச் சேர்ந்த களமருதூர் போன்ற சிற்றூர்களில் வாழ்வோர்க்கும் இன்று கணிப்பொறியின்றி ஒரு வேலையும் நடவாது. வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், பட்டா மாறுதல் ஆகிய யாவற்றுக்கும் அவர்கள் இ-சேவை மையத்தை நாடுகின்றனர். அங்கே விண்ணப்பங்களைத் தட்டச்சுச் செய்பவர் காலை முதல் மாலை வரை விசைகளைத் தட்டிக்கொண்டே இருக்கிறார். அவருடைய மணிக்கட்டே அவருக்குச் சோறு போடுகிறது. அது பழுதுபட்டால் பிழைப்பும் பழுதுபடும்.

மணிக்கட்டின் அமைப்பைச் சிறிது அறிதல் நலம். எட்டுச் சிற்றெலும்புகள் வளைவாக அமைந்து, ஓர் உறுதியான தசைநார் அவற்றின் மேற்கூரைபோல் அமைய, இடையே ஒரு குறுகிய வழி உண்டாகிறது. விரல்களை மடக்கும் ஒன்பது நாண்களும், கட்டைவிரல் முதலியவற்றுக்கு உணர்வளிக்கும் நரம்பு ஒன்றும் அவ்வழியே செல்கின்றன. கையைப் பின்புறம் மடித்தவாறே நெடுநேரம் வேலை செய்தால் அவ்வழியில் அழுத்தம் மிகுகிறது, நரம்பு நசுங்குகிறது, விரல்கள் மரத்துப்போகின்றன. மேசை உயரமாயிருப்பின், தட்டச்சுச் செய்பவர் தம்மை அறியாமலே தோளை உயர்த்தி, மணிக்கட்டை இவ்வாறே மடிக்கிறார்.

இத்துன்பம் புதியதன்று. இத்தாலி நாட்டு மருத்துவர் பெர்னார்தினோ ராமட்சீனி 1700-ஆம் ஆண்டில் தொழிலாளர் நோய்களைப்பற்றி ஒரு நூல் வெளியிட்டார். எழுத்தர்கள் இடைவிடாது அமர்ந்திருப்பதாலும், கையை ஓயாது ஒரே வகையில் அசைப்பதாலும் அவர்களுக்கு நேரும் துன்பங்களையும் அவர் ஆராய்ந்தார். பின்னர், 1857-இல் போலந்து நாட்டு அறிஞர் யஸ்த்ரெம்போவ்ஸ்கி, பணியின் நெறி எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களைக் கொண்டு இத்துறைக்குப் பெயரிட்டார். தமிழில் இதனைப் பணிச்சூழலியல் என்கிறோம்.

தட்டச்சுப் பொறிக் காலத்தில் பொறிக்கெனத் தனியே ஒரு தாழ்ந்த மேசை இருந்தது. கணிப்பொறி வந்தபோது அதனைப் பலர் உயர்ந்த எழுதுமேசையின்மீதே வைத்துவிட்டனர். இக்குறையை நீக்க வந்ததே விசைப்பலகைத் தட்டு. மேசையின் அடியில் பொருத்தி, வேண்டும்போது இழுத்துக்கொள்ளும் பலகை அது.

அதனைத் தேர்ந்தெடுக்குமுன் கடைக்குச் செல்லவேண்டுவதில்லை. அளவுநாடா ஒன்று போதும். உள்ளங்கால் தரையில் நன்கு பதிய அமர்ந்து, மேற்கையைத் தளரத் தொங்கவிட்டு, முழங்கையை மடித்து, தரையிலிருந்து முழங்கை வரை அளந்துகொள்க. ஒருவருடைய இருக்கை 42 செ.மீ. உயரமும், அவர் முழங்கை இருக்கைக்கு மேல் 22 செ.மீ. உயரமும் இருப்பதாகக் கொள்வோம். அவருடைய விரல்கள் தரையிலிருந்து 64 செ.மீ. உயரத்தில் இயங்குதல் வேண்டும். மேசையோ 75 செ.மீ. உயரம்! விசைப்பலகையின் கனம் இரண்டரை செ.மீ. எனின், தட்டின் மேற்பரப்பு 61.5 செ.மீ. உயரத்தில் அமையவேண்டும். தட்டின் கனம் 2 செ.மீ. ஆயின் அதன் அடிப்பகுதி 59.5 செ.மீ. உயரத்தில் இருக்கும். தொடையின் கனம் 14 செ.மீ. எனின் தொடையின் மேற்புறம் 56 செ.மீ. ஆகும். எஞ்சுவது மூன்றரை செ.மீ. இடைவெளியே. கனத்த பலகையும் பருத்த இரும்புச் சட்டமும் ஏன் ஆகா என்பது இக்கணக்கால் விளங்கும். கடையில் அழகைக் கண்டு வாங்கிய தட்டு பலருடைய முழங்காலை இடிப்பதும் இதனாலேயே.

தட்டுகள் இருவகைப்படும். சட்டத்தில் முன்னும் பின்னும் மட்டும் நகர்வது ஒன்று. உயரத்தையும் சாய்வையும் மாற்றத்தக்க கையுடையது மற்றொன்று. ஒருவரே பயன்படுத்தும் மேசைக்கு, அளந்து பொருத்திய முதல்வகையே போதும். முறைமாறிப் பலர் அமரும் இடத்திற்கு இரண்டாவதே ஏற்றது. இரண்டாம் வகையின் விலை மிகுதி. ஆனால் அங்கே அது வீண் செலவாகாது. எவ்வகையாயினும், இழுத்த நிலையில் ஆடாமல் நிற்கிறதா என்று கையால் அழுத்திப் பார்த்தல் வேண்டும். அகலத்தில் சிக்கனம் கூடாது. முழு அளவு விசைப்பலகையே ஏறத்தாழ 45 செ.மீ. நீளமுடையது, அதன் பக்கத்தில் சுட்டிக்கும் இடம் வேண்டும். சுட்டியை மட்டும் மேசையின்மேல் வைத்துக் கையை நீட்டி நீட்டி எடுப்பவர்க்குத் தோள்வலி வருதல் திண்ணம். பலகையின் பின்புறக் கால்களை மடக்கிவிடுதலும் நன்று. அவற்றை நிமிர்த்தினால் மணிக்கட்டு மீண்டும் மடியும்.

பலகையைத் தட்டின் நடுவே வைத்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. வலக்கோடியில் எண் விசைகள் இருப்பதால், எழுத்து விசைகளின் நடு இடப்புறம் ஒதுங்கிவிடும். தமிழ்நாட்டரசு 1999-இல் ஏற்ற 'தமிழ் 99' முறைப்படி தட்டச்சுச் செய்வோர், எகர விசைக்கும் ககர விசைக்கும் இடையே உள்ள கோடு தம் கொப்பூழுக்கு நேரே வருமாறு வைத்துக்கொள்ளலாம். அம்முறையில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கத்திலும், மெய்யெழுத்துகளுள் பெரும்பாலானவை வலக்கைப் பக்கத்திலும் அமைந்துள்ளன. ஆதலால் இருகைகளும் மாறிமாறி உழைக்கின்றன.

மடிக்கணினி உடைய மாணவர்க்கு வேறொரு இடர் உண்டு. அதில் திரையும் விசைகளும் பிரியா. கைக்கேற்ற உயரத்தில் வைத்தால் கழுத்துக் குனிகிறது. கண்ணுக்கேற்ற உயரத்தில் வைத்தால் தோள் உயர்கிறது. மடிக்கணினியைப் புத்தக அடுக்கின்மேல் உயர்த்தி, தனி விசைப்பலகை ஒன்றை இணைத்துத் தாழ்ந்த தட்டில் வைப்பதே வழி.

தட்டு வாங்க இயலாதோர் நாற்காலியில் மெத்தையிட்டு உயர்ந்து, கால்களுக்குக் கீழே ஒரு மணைப்பலகையை இட்டுக்கொள்ளலாம். பயன் ஏறக்குறைய ஒன்றே. ஊர்த் தச்சரிடம் செய்துகொள்வதும் எளிது. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்திற்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மரத்தில் இறைவன் திருமேனியை வடிக்கும் கைகள் வாழும் மண்ணில், ஒரு பலகையை இழைத்துத் தருவார்க்குப் பஞ்சமில்லை. தச்சரிடம் செல்லும்போது முழங்கை உயரம், தொடையின் கனம், மேசையின் அடிப்பரப்பு உயரம் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுசெல்க.