பில் போடும் கணிப்பொறி: வாங்கலாமா, பொறுக்கலாமா?

கடைக்குக் கணிப்பொறி வாங்க நினைக்கும் நம்மில் பலர், "புதிய பிராசசர் வரப்போகிறதாம், பொறுப்போம்" என்று தள்ளிப்போடுகிறோம். தண்டலத்துக்கு அருகே ஸ்ரீபெரும்புதூரில் டெல் நிறுவனம் 2007இல் கணிப்பொறித் தொழிற்சாலை தொடங்கியது. ஆனால் கணிப்பொறியின் மூளையான பிராசசரில் பல்லாண்டுகளாக எதிரெதிர்க் கடை போட்டிருப்பவை இன்டெல், ஏ.எம்.டி. என்ற அமெரிக்க நிறுவனங்களே.

எதிர்க்கடை வந்தால் வாடிக்கையாளருக்கு லாபம் என்பது நமக்குத் தெரியாததா? பிராசசரில் 'கோர்' என்பது வேலையாள் மாதிரி. வீடு, கடைகளுக்கான கணிப்பொறிகளில் நான்கு கோரோடு நின்றிருந்தது இன்டெல். 2017 மார்ச்சில் ஏ.எம்.டி. எட்டு கோர் ரைசனை இறக்கியது. அதே ஆண்டு அக்டோபரில் இன்டெலும் எட்டாம் தலைமுறையில் ஆறு கோர் தந்தது. இப்போட்டி ஓயாது, காத்திருப்பவர் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

பில், இருப்பு, ஜி.எஸ்.டி. கணக்குக்குச் சாதாரண பிராசசரே போதும். அதற்காக, மலிவு என்று மிகப் பழையதை வாங்கிவிடக் கூடாது. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் தந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11க்குப் பொதுவாக இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது ரைசன் 2000 வரிசை, அல்லது அவற்றுக்குப் பிந்தியது வேண்டும். செகண்ட் ஹேண்ட் வாங்குமுன் இதைக் கேட்போம். வதந்திக்காக வியாபாரத்தை நிறுத்த வேண்டாம்.