முற்றிய காயா, நிறம் மாறிய காயா?

மாம்பழக் காலம் தொடங்கிவிட்டால் கடைக்கு வருகிறவர் முதலில் கேட்பது, "இனிக்குமா?" என்பதுதான். நாமும் "சர்க்கரைதான், தைரியமாக எடுத்துப் போங்க" என்று நிறுத்துக் கொடுத்துவிடுகிறோம். வீட்டில் அறுத்துப் பார்த்துப் புளித்தால் அவர் வந்து சண்டை போடுவதில்லை. அடுத்த கடைக்குப் போய்விடுகிறார். ஆகவே பழத்தின் ருசி எதனால் உண்டாகிறது என்பதை மண்டிக்காரரும் சில்லறைக் கடைக்காரரும் தெரிந்துகொள்வது அவசியம்.

காய் முற்றுவது வேறு, பழுப்பது வேறு. முற்றுவது மரத்தில் நடப்பது. இலையில் உண்டாகும் சர்க்கரை காய்க்கு வந்து மாவுச்சத்தாகச் சேருகிறது. பழுக்கும்போது அந்த மாவு மீண்டும் சர்க்கரையாகிறது, புளிப்பும் துவர்ப்பும் குறைகின்றன, மணம் வருகிறது. பறித்த அன்றே வரவு நின்றுபோகும். அதன்பின் கையிருப்பில்தான் காலம் தள்ள வேண்டும்.

வாழையில் இது நன்றாகத் தெரியும். பச்சைக்காயின் சதையில் நூற்றுக்கு 20 பங்கு அளவில் மாவுச்சத்து இருக்கும். நன்றாகப் பழுத்தால் அது 1 அல்லது 2 பங்காகக் குறைந்து, ஏறக்குறைய அந்த அளவுக்குச் சர்க்கரை ஏறிவிடும்.

மாங்காயில்தான் நம்மவர்கள் அவசரப்படுகிறார்கள். முதல் வரவுக்கு நல்ல விலை என்பதால் தோட்டத்தில் இளங்காயையே இறக்கிவிடுகிறார்கள். அதில் மாவு சேர்ந்திருக்காது. எப்படிப் பழுக்க வைத்தாலும் தோல் மஞ்சளாகுமே தவிர இனிப்பு வராது. முற்றிய காய்க்குக் கன்னம் நிறைந்திருக்கும், காம்படியில் தோள் உயர்ந்து நிற்கும், தண்ணீரில் போட்டால் பெரும்பாலும் மூழ்கும். கூடைக்கு ஒரு காயை அறுத்துப் பாருங்கள். கொட்டை ஓடு கெட்டிப்பட்டு, அதையொட்டிய சதை மஞ்சள் ஏறியிருந்தால் வாங்கலாம். வெள்ளையாக இருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

இளங்காயை விற்பதற்குத்தான் கார்பைட் கல் தேவைப்படுகிறது. ஈரம் பட்டதும் அசிட்டிலின் வாயு வந்து தோல் நிறம் மாறும். அந்தக் கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பு உண்டு. 2011ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிமுறைகளின்படி கார்பைட் வாயுவில் பழுக்க வைத்த பழத்தை விற்பது குற்றம். எத்திலீன் வாயுவுக்கு 2016 முதல் பத்து லட்சத்தில் 100 பங்கு வரை அனுமதி இருக்கிறது. அது பழமே தனக்குள் உண்டாக்கிக்கொள்ளும் வாயுதான். நம் பெரியவர்கள் வாழைத்தாருக்குப் புகை மூட்டம் போட்டதும் இதே கணக்குதான், புகையிலும் எத்திலீன் உண்டு. ஆனால் மருந்துக் கரைசலில் பழத்தை முக்கி எடுப்பதற்கு அனுமதி கிடையாது.

அறையின் சூட்டையும் கவனிக்க வேண்டும். மோரிஸ் வாழைக்கு 16 முதல் 18 டிகிரி சரியானது. கோடையில் காற்றில்லாத குடோனில் பூட்டினால் தோல் பச்சையாகவே இருக்க, உள்ளே குழைந்துவிடும். 13 டிகிரிக்குக் கீழே போனால் தோல் மங்கிக் கறுத்துப்போகும். பழுக்காத மாங்காயைக் குளிர்பெட்டியில் வைப்பதும் கூடாது, பிறகு வெளியே எடுத்தாலும் சரியாகப் பழுக்காது.

அன்னாசி, திராட்சை, சாத்துக்குடி ஆகியவற்றில் கையிருப்பு மாவே கிடையாது. பறித்த அன்று உள்ள இனிப்புதான் கடைசிவரை. அன்னாசி கடையில் மஞ்சளானால் நிறம்தான் கூடியதே தவிர இனிப்பு கூடவில்லை. பப்பாளியும் கிட்டத்தட்ட அப்படித்தான். மரத்தில் மஞ்சள் கோடு விழுந்தபின் பறித்ததையே வாங்குங்கள். முழுப் பச்சையாக இறக்கியது மெத்தென்று ஆகும், சப்பென்று இருக்கும்.

சப்போட்டாவை நகத்தால் லேசாகச் சுரண்டினால் போதும். அடியில் பச்சை தெரிந்து பால் கசிந்தால் இளங்காய், துவர்க்கும். மஞ்சள் தெரிந்தால் இரண்டு மூன்று நாளில் பழுத்துவிடும். வாங்குகிறவரிடம் அந்த நாள் கணக்கையும் சொல்லி அனுப்புங்கள். இல்லையென்றால் அன்றைக்கே அறுத்துவிட்டு நம்மைத்தான் குறை சொல்வார்.